ரேடியோவில் அவர் கேட்ட பதினொரு கேள்விகள்

எங்கள் வித்தையின் ரகசியம் முழுவதும் வார்த்தைகளில் இருந்தது. நான் மேடையில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் கணவர் கூட்டத்துக்குள் இறங்கிப் போவார். யாராவது ஒருவர் மோதிரத்தையோ பொடி டப்பியையோ எடுத்து அவர் கையில் கொடுப்பார். அவர் அங்கிருந்தே கேட்பார், நான் இருந்த இடத்திலிருந்தே அது என்னவென்று சொல்வேன். "சீக்கிரம் சொல்லு" என்று கேட்டால் தங்கம். "வாயைத் திறந்து சொல்லு" என்றால் மூடி போட்ட சாமான். "கேக்குதா இல்லையா?" என்றால் காகிதம். "என்ன முழிக்கறே?" என்றால் கடிகாரம். கண்ணைக் கட்டிக்கொண்டிருப்பவளைப் பார்த்து ‘முழிக்கறே’ என்று கேட்டதும் கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்குள் நான் "கைக்கடியாரம்" என்று சொல்லிவிடுவேன். இப்படி நாற்பது வாசகங்களுக்கு மேல் இருந்தன. இரண்டு வருஷம், அடுப்படியில் உட்கார்ந்து, நானும் அவரும் மனப்பாடம் செய்தோம்.

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்தில் ‘ங்க’ போடாமல் யாரும் பேச்சை முடிப்பதில்லை. முதலில் அவரும் "சொல்லுங்க, சீக்கிரம் சொல்லுங்க" என்றுதான் கேட்டுப் பார்த்தார். ஒவ்வொரு வாசகமும் ஒரே மாதிரி முடிந்ததில் எனக்குக் குழம்பியது. அதனால் வாலை வெட்டிவிட்டோம். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"கட்டுன பொண்டாட்டிய நாலு பேர் முன்னால இப்படிப் பேசறது நல்லால்ல அம்மணி" என்றார்.

"மேடையிலதானுங்க. ஊட்டுல பேசுனாத்தான் தப்பு" என்றேன். ‘வாயைத் திறந்து சொல்லு’ என்பது நான் சேர்த்துக் கொடுத்ததுதான். சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் அப்படித்தான் எங்களை அதட்டுவார். அதைச் சேர்த்த அன்று நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அவர் என்னை அதட்டி நான் கேட்டதே இல்லை. அவர் குரல் இயல்பாகவே தணிந்த குரல். மேடைக்கென்று ஒரு கனத்த குரலைப் பழகி வைத்திருந்தார்.

அவர் மேடைக்குப் போனது விருப்பத்தால் மட்டும் இல்லை. கல்யாணத்தின்போது ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தார். அந்த உத்தியோகத்தைப் பார்த்துத்தான் அப்பா பெண் கொடுத்தார். வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தோட்டமும் பருத்திக்காடும் இருந்தன. நான்தான் மூத்தவள். எனக்குக் கீழே ஒரு தம்பி. மில்லில் ஆள் குறைத்தபோது அவருக்கு வேலை போயிற்று. பொழுதுபோக்காகப் பழகிய வித்தைதான் அப்புறம் சோறு போட்டது. நான் மேடையேறிய செய்தி ஊருக்குப் போக ஒரு மாதம்கூட ஆகவில்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் சந்தைக்கு வந்த இடத்தில் ஆட்டம் பார்த்துவிட்டார்.

அப்பா தம்பியிடம் சொல்லி அனுப்பினார். "நாலு ஆம்பளைங்க பாக்க மேடையில ஒக்காந்தவ எம் படி ஏற வேண்டாம்." அதோடு நான் பிறந்த வீட்டுக்குப் போவது நின்றது. அம்மா என்ன சொன்னாள் என்று தம்பியிடம் கேட்டேன். "அம்மா என்ன சொல்லும்? அழுதுச்சு" என்றான். பருத்தி ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் வரும்போதெல்லாம் அவன் மட்டும் அப்பாவுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துவிட்டுப் போவான். அப்படி நான்கு வருஷம் ஓடியது.

முப்பதுகளின் கடைசியில் ஊரில் ரேடியோ வந்தது. எங்களிடம் இல்லை. நகரசபைப் பூங்காவில் கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். சாயங்காலத்தில் ஜனங்கள் புல்தரையில் உட்கார்ந்து பாட்டும் செய்தியும் கேட்பார்கள். அவர் மட்டும் உட்கார மாட்டார். கம்பத்துக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"இதுல வித்தை காட்ட முடியுமா அம்மணி?" என்று ஒரு நாள் கேட்டார்.

"கண்ணுக்குத் தெரியாத வித்தைய யாருங்க கேப்பாங்க?"

"கயித்து வித்தை ஆகாது. சீட்டு ஆகாது. புறா ஆகவே ஆகாது" என்று விரலை மடக்கிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். "நம்முளுது ஆகுமே. நம்முளுது பேச்சுத்தானே?"

வெளிநாட்டு ரேடியோக்களில் மனதைப் படிப்பவர்கள் பேசுகிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். பட்டணத்து ரேடியோ நிலையத்துக்குக் கடிதம் எழுதினார். இரண்டு மாதத்துக்குமேல் கழித்துப் பதில் வந்தது. கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். கடிதத்தைப் படித்துவிட்டு அவர் முதலில் சொன்னது என் அப்பாவைப் பற்றித்தான்.

"இதுல உன்னைய ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. குரல் மட்டுந்தான் போகும். உங்கப்பா இதுக்கு ஒண்ணும் சொல்ல முடியாது பாரு."

எனக்கும் அந்த நினைப்புத்தான். வெள்ளகோவிலில் பஞ்சு அரைவை மில் முதலாளி ஒருவர் வீட்டில் பேட்டரியில் ஓடும் ரேடியோ இருந்தது. அடுத்த முறை தம்பி வந்தபோது கிழமையையும் நேரத்தையும் சொன்னேன். "எப்படியாச்சும் அம்மாவ அங்க கூட்டிட்டுப் போயிரு. நாலு வருசமா என்ற குரலக் கேக்கலை அது" என்றேன். அம்மாவுக்கு அப்போதே இளைப்பு இருந்தது. வண்டியில் மெத்தை போட்டுக் கூட்டிப்போகிறேன் என்று அவன் வாக்குக் கொடுத்தான்.

ரயிலில் பட்டணம் போனோம். நிலையத்து அதிகாரி மரியாதையான மனிதர். மனைவி பொருளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள் என்று யாரும் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக என்னைத் தனி அறையில் கண்ணாடிச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார். காதில் கேட்கும் கருவியை மாட்டி, எதிரே மைக்கை வைத்தார்கள். என் கணவர் அந்தச் சுவருக்கு அப்பால், அழைத்து வந்திருந்த பத்துப் பதினைந்து பேருக்கு நடுவில் நின்றார். அதிகாரி எங்கள் இருவருக்கும் ஒரே ஒரு புத்திமதி சொன்னார். "இடைவெளி விடாதீர்கள். ரேடியோவில் மௌனம் வந்தால் பெட்டி கெட்டுப்போயிற்று என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள்."

முதலில் நேயர்களுக்காக ஒரு எண் வித்தை. ஓர் எண்ணை நினையுங்கள், இரட்டியுங்கள், கூட்டுங்கள் என்று சொல்லி என் கணவர் விடையைச் சொன்னார். அடுத்தது எங்களுடையது. பதினொரு கேள்விகள். மேடையிலே ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவர் சிரிப்பார், பொருள் கொடுத்தவரைக் கேலி செய்வார், எனக்குக் கும்பிடு போடுவார். இங்கே அதற்கெல்லாம் நேரம் இல்லை. கேள்வி, பதில், கேள்வி, பதில். எனக்கும் மூச்சு முட்டியது. அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்ற நினைப்பு வேறு. ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் மூச்சை இழுத்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் ஒன்றுகூடத் தப்பவில்லை. பதினொன்றும் சரி.

முடிந்ததும் வந்திருந்தவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள். அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் திரும்பியதும் என் கணவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, வழக்கமாக மேடையில் போடும் கும்பிடைப் போட்டார். திரும்பி வரும்போது ரயிலில் அவருக்குப் பேச்சு ஓயவில்லை. அம்மா இந்நேரம் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருப்பாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்துத் தம்பி வந்தான். அன்றைக்குப் பருத்தி வண்டியோடு வரவில்லை, பஸ்ஸில் வந்திருந்தான். வாசலில் நின்ற என் கணவரைப் பார்த்து ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே வந்தான்.

"அப்பா உன்னையக் கூட்டியாரச் சொன்னாருக்கா. அம்மாவுக்கு ரொம்ப முடியல."

எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். "ரெண்டு பேரையுமா?" என்று கேட்டேன்.

"உன்னைய மட்டும்." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "துணிமணியெல்லாம் எடுத்துக்க. அப்பா இனி உன்னைய இங்க உட மாட்டேன்னு சொல்றாரு."

"ஏண்டா?"

"நாங்கதான் கேட்டமே அக்கா. அவரு உன்னைய வெரட்டுனதையும் நீ பயந்துக்கிட்டுப் பதில் சொன்னதையும். அத்தனை பேரும் கேட்டாங்க. ஊட்டுக்குள்ள ஒக்காந்திருந்த பொம்பளைங்க எல்லாம் அழுதுபோட்டாங்க. அம்மா எந்திரிச்சு அந்தப் பொட்டியப் புடிச்சுக்கிட்டு, ‘எம்புள்ளைய உட்டுர்றா’ன்னு சத்தம் போட்டுச்சு. அப்பாவும் எங்களுக்குத் தெரியாம வந்து பின்னால நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு."

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. மேடையில் கட்டிய கண்ணைப் பார்ப்பார்கள், கும்பிடைப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். ரேடியோவில் அது ஒன்றும் போகவில்லை. ஒரு ஆண்பிள்ளை ‘ங்க’ கூடப் போடாமல், "சீக்கிரம் சொல்லு, வாயைத் திறந்து சொல்லு, என்ன முழிக்கறே, கேக்குதா இல்லையா" என்று பெண்டாட்டியை விரட்டுகிறான். அவள் மூச்சிரைத்துக்கொண்டு பதில் சொல்கிறாள். அதுதான் வெள்ளகோவிலுக்குப் போய்ச் சேர்ந்தது.

அவரிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். "போயிட்டு வா அம்மணி. நான் இருந்துக்கறேன்" என்று பஸ் வரைக்கும் வந்து பையைத் தூக்கிக் கொடுத்தார். தம்பி அந்தப் பையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்ட மாதிரி வாங்கினான்.

நான்கு வருஷத்துக்குப் பிறகு அந்தப் படியை ஏறினேன். அப்பா கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள போ" என்றார். அம்மா கட்டிலில் பாதியாகக் கிடந்தாள். என் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரவிக்கைக் கையை ஒதுக்கித் தோளைப் பார்த்தாள். என்ன தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

"அடிக்கறானா கண்ணு?"

"இல்லீங்கம்மா. அவரு என்னைய ஒரு வார்த்தை சொன்னதில்ல. அது வித்தைங்கம்மா. சீக்கிரம் சொல்லுன்னா தங்கம்னு அர்த்தம். நாங்க பேசி வெச்சுக்கிட்டது."

அவர் வித்தை கற்ற இடத்தில் ரகசியத்தை யாருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள். நானும் சத்தியம் செய்திருந்தேன். அன்றைக்கு அதை மீறி, தெரிந்த வாசகம் அத்தனையும் ஒவ்வொன்றாக அம்மாவிடம் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்ததும் என் கன்னத்தைத் தடவினாள்.

"நீ உட்டுக் குடுக்க மாட்டே. எனக்குத் தெரியும்."

செய்து காட்டினால் நம்புவாள் என்று தோன்றியது. தம்பியை வெளியே கூட்டிப் போய் மூன்று வாசகங்களை மட்டும் சொல்லிக் கொடுத்தேன். உள்ளே வந்து முந்தானையால் கண்ணைக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். "எதையாச்சும் எடுத்துக் கேளுடா" என்றேன். பிறகு அவன், "வாயத் தொறந்து... சொல்லுங்கக்கா" என்றான்.

"சுண்ணாம்பு டப்பி" என்றேன்.

"கட்டிலோரத்துல அது ஒண்ணுதானே கண்ணு இருக்குது" என்றாள் அம்மா.

"இன்னொண்ணு கேளுடா."

அவன் அம்மாவின் கம்மலைத் தொட்டிருக்கிறான். கேட்க வேண்டியது "சீக்கிரம் சொல்லு". அவன் "சீ" என்று ஆரம்பித்தான், மேலே வரவில்லை. மறுபடி ஆரம்பித்தான். நான் கட்டை அவிழ்த்துத் திரும்பிப் பார்த்தபோது அவன் முகம் கோணிப்போயிருந்தது.

"போதும் சாமி, உட்ரு" என்றாள் அம்மா. "அவனையும் எதுக்கு உன்னைய வெரட்ட வெக்கறே?"

நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். நான் எதற்கு அழுகிறேன் என்பதையும் அவள் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டாள். என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "எங்கப்பன் என்னையப் பாக்க வரும்போதெல்லாம் நானும் இப்படித்தான் சொல்லுவேன். ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க, நல்லா வெச்சிருக்காருங்கன்னு. கையில காயம் கெடக்கும், கெணத்தடியில வழுக்கி உளுந்துபோட்டேன்னு சொல்லுவேன். எங்கப்பனும் நம்புன மாதிரி எந்திரிச்சுப் போயிரும்."

வெளியே பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்தது. அவர் எழுந்து போகவும் இல்லை, இருமவும் இல்லை. அப்பா அம்மாவை அடித்திருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நான் பிறப்பதற்கு முன்போ, நான் பார்க்காத வேளையிலோ. அதைப் பற்றி அம்மா அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆறு நாள் அவள் பக்கத்திலேயே இருந்தேன். அந்த விஷயத்தை மறுபடி எடுக்கவில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கு அது பொய்யாகத்தான் படும். ஏழாம் நாள் விடிந்ததும் அம்மா போய்விட்டாள். கடைசியாக அவள் அப்பாவைக் கூப்பிட்டு, "புள்ளைய அங்க திருப்பி அனுப்பாதீங்க" என்று சொன்னாளாம். நான் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரத்தில்.

தந்தி கிடைத்து என் கணவர் மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். கோடித் துணி வாங்கி வந்திருந்தார். அதை வாங்கிக்கொள்ள யாரும் கை நீட்டவில்லை. வந்திருந்த பெண்கள் "இவந்தான்" என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். அவர் ஒரு வார்த்தை பேசினால் போதும், குரலை அடையாளம் கண்டு திரும்பிப் பார்த்தார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது கொண்டு வந்த பெண் சொம்பைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். அவர் பருத்தி மூட்டைகள் அடுக்கியிருந்த பக்கமாகப் போய் நின்றுகொண்டார். துணி கையிலேயே இருந்தது.

காரியம் முடிந்த பிறகு அப்பா, "நீ இங்கயே இரு" என்றார்.

"இல்லீங்கப்பா, நான் போறேன்" என்றேன். அவர் தடுக்கவில்லை. அம்மா சொல்லிவிட்டுப் போனதை மட்டும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு என் கணவருடன் பஸ் ஏறினேன். அம்மாவின் கடைசி வார்த்தையை மீறித்தான் நான் என் வீட்டுக்குத் திரும்பினேன்.

காங்கயம் தாண்டிய பிறகு அவர் கேட்டார். "என்ன ஆச்சு அம்மணி? எல்லாரும் என்னைய ஏன் அப்படிப் பாத்தாங்க?"

சொன்னேன். மறைக்க எனக்குத் தெம்பில்லை. பல்லடம் வரும் வரைக்கும் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படியா கேட்டுச்சு?" என்றார் கடைசியில்.

ரேடியோவில் பேசியவருக்குத் தன் குரல் எப்படிக் கேட்டது என்று தெரியாது. பேசியது போனது போனதுதான், திருப்பிப் போட்டுக் கேட்க வழியில்லை. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் கழித்து, "நான் அன்னைக்குக் கேட்ட மாதிரியே நீ ஒருக்காக் கேட்டுக் காட்டு" என்றார். மாட்டேன் என்றேன். விடவில்லை. எதிரே உட்காரவைத்துப் பதினொரு கேள்வியையும் அதே வேகத்தில், அதே கனத்தில் கேட்டேன். அவர் வேட்டி முனையைத் திருகிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு வாசகம் எல்லாவற்றுக்கும் ‘ங்க’ சேர்த்து மாற்றி எழுதினார். மறுபடி மனப்பாடம் செய்தோம். மூன்று ஆட்டம்தான் நடந்தது. ஒரே மாதிரி முடிந்த வாசகங்களில் நான் தடுமாறினேன். தங்கத்தைக் காகிதம் என்றேன். கூட்டம் ஊளையிட்டது. அத்தோடு நாங்கள் சேர்ந்து மேடையேறுவதை விட்டோம். ரேடியோக்காரர்கள் மறுபடி கூப்பிட்டார்கள். அவர் தனியாகப் போய் எண் வித்தை மட்டும் செய்தார். நான் பூங்காவில் புல்தரையில் உட்கார்ந்து கேட்டேன். தணிந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். பக்கத்தில் இருந்தவர்கள் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். மூன்றாவது முறை நிலையத்திலிருந்து கடிதம் வரவில்லை. மதுக்கரை சிமெண்டு ஆலையில் அவருக்கு எழுத்து வேலை கிடைத்தது. வித்தைச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கேட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார்.

அம்மா போன மறுவருஷத்திலிருந்து அப்பா எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். மாதம் ஒரு தரம், முதல் பஸ்ஸில் வருவார். உள்ளே வர மாட்டார், வாசலில் நாற்காலி போட்டால் உட்காருவார். தண்ணீர் மட்டும் குடிப்பார். என்னைப் பார்த்து, "நல்லா வெச்சிருக்காரா?" என்று கேட்பார். "நல்லா வெச்சிருக்காருங்கப்பா" என்பேன். என் முகத்தை, கையை, கழுத்தைப் பார்ப்பார். "சரி" என்று எழுந்து போவார். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அவ்வளவு தூரம் வருவார். அவர் கேட்கும்போதெல்லாம் எனக்கு அம்மா சொன்ன பதில் ஞாபகம் வரும். அவருக்கும் வந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வீட்டில் இருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். அப்பா முதல் தடவையாக அவரிடம் நேராகப் பேசுவது கேட்டது.

"மாப்ள, ஒருக்கா எம்முன்னால அவளக் கூப்புடுங்க."

தன் பேச்சைச் சோதிக்கத்தான் அப்பா கேட்கிறார் என்று என் கணவருக்குத் தெரியும். பிறகு அவர் குரல் வந்தது. "அம்மணி, அப்பா கூப்புடறாருங்க. கொஞ்சம் வாங்க."

என்னை அவர் என்றைக்கும் ‘வாங்க’ என்று கூப்பிட்டதில்லை. வீட்டில் ‘வா, போ’தான், வாஞ்சையாகச் சொல்லுவார். அந்த ‘வாங்க’ மேடைப் பேச்சைப் போல இருந்தது. எனக்கே அது பொய்யாகக் கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சொம்பில் இருந்த தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

அதற்குப் பிறகும் மூன்று வருஷம், முடியாமல் போகும் வரைக்கும், மாதம் தவறாமல் வந்தார். வந்து உட்கார்ந்து மழையைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் பேசிவிட்டுப் போவார். அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி கேட்கவே இல்லை.